மெக்சிகோ மாதாவுக்குக் கொண்டுபோன சேலை

இதை நானே தட்டுகிறேன், ஒற்றை விரலால். ஒரு பத்தி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. அறுபத்தெட்டு வயதில்தான் எழுத்து கைக்கு வந்தது, அதனால் நீங்களும் நிதானமாகவே படியுங்கள்.

போன டிசம்பரில் நானும் என் மனைவி லூர்தும் திருப்பூரிலிருந்து கொமரலிங்கம் பக்கத்தில் இருக்கும் குவாதலூப்பே மாதா சிற்றாலயத்துக்குப் போய்வந்தோம். திருநாள் பன்னிரண்டாம் தேதி. நாங்கள் போனது மறுநாள். லூர்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். ஷிப்மென்ட் போன பிறகுதான் லீவு கிடைத்தது.

போன காரணம் ஒரு நேர்ச்சை. பங்குக் கோயிலின் மாலை வகுப்பில் நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியபோது கையில் கிடைத்த முதல் துண்டுப் பிரசுரம் இந்த மாதாவைப் பற்றியது. ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவைப் பிடித்தார்கள். அங்கே நாவா என்று ஒரு மக்கள். பின்னாலேயே போன கத்தோலிக்கச் சாமியார்கள் அந்த மக்களின் பேச்சைக் கற்றுக்கொண்டு, பாட்டாகவும் படமாகவும் வேதம் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வேதம் வந்தது என்பார்கள். அதனால் எனக்கு அது யாரோ ஒருவர் கதையாகத் தெரியவில்லை.

புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய நாவா குடியானவர் ஒருவர் குன்று வழியே நடந்து போகிறார். மாதா தோன்றி, அவருடைய பேச்சிலேயே, கடைக்குட்டியைக் கொஞ்சுவது போலக் கூப்பிடுகிறார். தனக்கு அங்கே ஒரு கோயில் வேண்டும் என்கிறார். குடியானவர் போய்ச் சொன்னதும் ஆயர், அதாவது பிஷப், அடையாளம் கேட்கிறார். குளிர்காலத்தில் குன்றின் மேல் பூத்த ரோஜாக்களைக் குடியானவர் தன் போர்வையில் அள்ளிப் போய் ஆயர் முன் அவிழ்க்கிறார். பூ கொட்டுகிறது. போர்வையில் மாதாவின் உருவம் நிற்கிறது. கற்றாழை நாரில் நெய்த போர்வையாம். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசையில் நின்றவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

லூர்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் நேர்ந்துகொண்டாள்: எனக்கு நல்லபடியாக வாசிக்க வந்துவிட்டால் அந்த மாதாவுக்குச் சேலை சாத்துவது, மாதா முன்னால் நான் வாசிப்பது. நேர்ச்சை பாக்கி இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மாதாவுக்கு வாங்கிய நீலச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு காலை ஆறேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். இத்தனை வருடமும் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன். அன்று கேட்கவில்லை. "உ... டு... ம... லை..." என்று போர்டைக் கூட்டிக்கொண்டே நின்றேன். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

கண்டக்டர் தலையை நீட்டினார். "ஏனுங் சாமி, ஏறுறீங்களா, இல்ல போர்டு மட்டும் படிச்சாப் போதுமுங்களா?"

"இருங்க தம்பி, இந்த வருசந்தான் படிச்சி முடிச்சிருக்காக," என்றாள் லூர்து. பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும்தான்.

பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டை அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். எட்டரைக்கு இறங்கி இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து கொமரலிங்கத்துக்கு டவுன் பஸ். எனக்குப் பதினைந்து ரூபாய், லூர்துக்கு இலவசம். அந்தப் பெருமையில் ஜன்னல் சீட்டையும் அவளே எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் தென்னையும் கரும்பும்.

கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ. காத்திருந்து திரும்ப முந்நூறு ரூபாய். டிரைவர் செந்தில் மிக மெதுவாக ஓட்டினார்.

"பொறுத்துக்குங்க சாமி. எங்கூட்டுல ஏழு மாசமுங்க. அவளைக் கூட்டிட்டுப் போயிப் போயி, வேகமா ஓட்டவே மறந்துபோச்சுங்க."

கோயிலில் திருநாள் தோரணம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே போனதும் லூர்து அப்படியே நின்றுவிட்டாள்.

சிலை இல்லை. சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று. நீலப் போர்வையில் நட்சத்திரங்கள், நம்மைப் போல மாநிற முகம், கூப்பிய கை. நாங்கள் பார்த்த மாதா எல்லாம் சிலைதான், சேலை கட்டித்தான் பழக்கம். பிரசுரத்தின் அட்டையிலேயே இந்தப் படம் இருந்தும், கோயில் என்றால் சிலை இருக்கும் என்றே வந்துவிட்டோம்.

"ஏங்க, தோளு எங்க, இடுப்பு எங்க? யாருக்குச் சாத்த?"

"பீடத்துல வெச்சுட்டுப் போங்கம்மா, பத்திரமா எடுத்து வெக்கறனுங்க," என்றார் உபதேசியார்.

"பொட்டியில வைக்கவா நேந்தேன்? உடுத்த நேந்தேன்." சேலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளைத் தேற்ற நான் பிரசுரத்தை எடுத்துக் கடகடவென்று வாசித்தேன். நடுவில் நிறுத்தினாள்.

"இது எனக்கே மனப்பாடம். இதெல்லாம் வாசிச்சதாவுமா? அந்தா, சுவத்துல எழுதியிருக்கு. அத வாசிங்க."

படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பொடி எழுத்து. நான் பார்த்திராதது. சேலையும் போய் வாசிப்பும் போனால் வீடு திரும்பும் வழியில் லூர்து என்ன ஆவாளோ என்று எனக்கு வேர்த்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அந்தக் குன்றில் முன்பே நாவா மக்கள் 'எங்கள் தாய்' என்று ஒரு தெய்வத்தைக் கும்பிட்டார்களாம். மாதா கோயில் வந்த பிறகும் அதே பெயரைச் சொல்லியே வந்தார்களாம். இவர்கள் கும்பிடுவது எந்தத் தாயை என்று சில சாமியார்களுக்குச் சந்தேகமாம்.

"பெத்தவளை எந்தப் பேர்ல கூப்பிட்டா என்னங்க?" என்றது ஒரு குரல். செந்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார்.

அடுத்த வரி: "இடுப்புக்கு மேலே கட்டிய கறுப்பு நாடா, அவர் கரு... கருவு..." சொல் நீண்டுகொண்டே போனது. செந்தில் வாயெடுத்தார்.

"சொல்லிக் குடுக்காதீக!" என்றாள் லூர்து.

மூன்றாம் முறை பிடித்துவிட்டேன். "கருவுற்றிருப்பதன் அடையாளம் என்பார்கள்."

லூர்து நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். நாடா இருந்தது. "மாசமா இருக்காகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு செந்தில் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒங்க வீடு எங்க?"

உபதேசியார் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். லூர்து ஏறிச் சேலையைப் படத்தின் சட்டத்தில் தொட்டு வாங்கினாள். அங்கிருந்து நேராகச் செந்தில் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கவிதாவின் தோளில் லூர்து சேலையைப் போர்த்தி, மடிப்பை நீவிவிட்டு, எட்ட நின்று பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"எந்தச் சாமி சேலைங்க அம்மா?" என்று கேட்டாள் கவிதா.

"இவுக படிச்சிச் சொல்லுவாக," என்று என்னைக் காட்டினாள் லூர்து.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கதையையும் வாசித்தேன். மாதா குடியானவரைக் கூப்பிடும் இடம் வந்ததும் பிரசுரத்தில் இருந்த 'மகனே' எனக்குப் போதவில்லை. "கண்ணு" என்று வாசித்தேன். யாரும் தப்பு சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். ஆலயம் திருநாள் தவிர மற்ற நாளில் பூட்டியிருக்கும், அடுத்த வீட்டில் கேட்டால் உபதேசியாரைக் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டை உடுமலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு எழுநூறு ரூபாய்க்குள் முடியும். சிலை கிடையாது. ஆனாலும் சேலை கொண்டுபோங்கள்.

பிப்ரவரியில் செந்தில் போன் செய்தார். பெண் குழந்தை. ஒரு படமும் அனுப்பினார். விட்டத்திலிருந்து எங்கள் நீலச் சேலை தூளியாகத் தொங்குகிறது, மடிப்புக்குள்ளிருந்து மாநிறமாக ஒரு சின்ன முகம். லூர்து போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே அவர் எழுதியிருந்ததை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை.