மாலை போட்ட சர்வர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடினால் 'இவர் எதுக்கு வர்றார்?' என்றும், நின்றுவிட்டால் 'இவர் எங்கே போய்த் தொலைஞ்சார்?' என்றும் கேட்கப்படும் தொழில். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாரும் ஒரே குழாயில்

தேர்வாய் கண்டிகையில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர். ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள், சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருவதாக இருந்தது. எதிலாவது பழைய சாஃப்ட்வேர் இருந்தால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். அந்த மெஷின்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இன்சார்ஜான தேவகி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆர்டர் போச்சுன்னா எங்க பொண்ணுங்க மொத்தமும் ஊட்ல தான் சார் உக்காரணும்" என்பார்.

அப்டேட் கொடுத்துப் பார்த்தேன். அத்தனை கம்ப்யூட்டரும் அதே ஃபைல்களைத் தனித்தனியாக இன்டர்நெட்டிலிருந்து இழுக்க ஆரம்பித்தன. அங்கே இன்டர்நெட் வருவதே பெரிய மனசு பண்ணித்தான். பில் போடும் கம்ப்யூட்டர் நின்றது, கேட்டில் லாரிகள் நின்றன. ஒரு லாரி டிரைவர் நேராக என்னிடமே வந்துவிட்டார்: "எளாவூர் செக்போஸ்ட்ல கூட இவ்ளோ நேரம் நின்னதில்ல நைனா. நீ இன்னா தான் பண்ணிக்கினு கீற?"

பையில் என்ன?

இதற்கு வழி லோக்கல் ரெப்பாசிட்டரி. அப்டேட்கள் முழுவதையும் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சர்வரில் வைத்துவிட்டால், மற்ற கம்ப்யூட்டர்கள் வெளியே போகாமல் அதனிடமே வாங்கிக்கொள்ளும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற மாதிரி, காய்ச்சுவது ஒரு அண்டாவில், சொம்போடு வருவது தெரு முழுக்க. என் வீட்டு இன்டர்நெட்டில் எல்லாவற்றையும் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் மறித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் விடுவாராம். சொன்னேன். எந்தெந்த தேசத்திலோ இருப்பவர்கள் எழுதியது, காசு கிடையாது, அவர்கள் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவார்கள், நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டர் வாங்காது. சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. இத்தனை வருஷமாக இதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அண்ணன் டிஸ்க்கை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்: "முன்ன பின்ன தெரியாதவனுக்கு சும்மா குடுத்துட்டு, கையெழுத்தும் போட்டுத் தர்றாங்களா! யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருக்கட்டும் சார்."

புது மெஷினுக்கு மரியாதை

மானிட்டர் இல்லாத ஒரு புது சர்வரைக் கொண்டுவந்து வைத்து, டிஸ்க்கில் இருந்ததை அதில் ஏற்றி, லீவு நாளில் எல்லாம் தானாகவே அப்டேட் ஆகும்படி செய்துவிட்டு, "கம்ப்யூட்டர் எதையும் அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆடிட்டர் வரும் நாள் காலையில் வந்து பார்த்தால் சர்வரைக் காணோம்! ஷெட் நடுவில், சாமி படத்துக்கு முன்னால், வாழைக்கன்றுகளுக்கு இடையே, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. வயர்களைக் கழற்றி அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரும் அப்டேட் ஆகவில்லை. ஓடிப்போய் மாலையில் கை வைத்தேன். தேவகி அக்கா தடுத்தார். கற்பூரம் காட்டாமல் எடுக்கக் கூடாதாம்.

"அணைக்காதீங்கன்னு சொன்னேனே!" என்று கத்தினேன்.

அக்காவுக்கும் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனாலும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "கம்ப்யூட்டரத்தான சார் சொன்ன, ஒண்ணத்தயும் தொடல. இதுக்கு டிவியே இல்லியே, புது மெஷினுன்னு நெனச்சோம். புதுசா வந்தத பூஜைல வெக்காம உட்டா மனசு கேக்குமா?"

படி

கற்பூரம் அணைந்ததும் நானும் அக்காவும் சர்வரைத் தூக்கிப்போய் வயர்களைச் சொருகினோம். சுவிட்சைப் போட்டேன். அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் அதனிடம் கேட்டன. லாரி டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார்.

பில் போடும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பெண்கள் நாஷ்டா முடித்துக் கை கழுவி வருவதற்குள், ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு திரையாக அணைந்து அணைந்து புதுசாக எழுந்தது. ஒவ்வொரு கமாண்டும் நான் அடித்ததுதான். இருந்தும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை துடித்தது.

ஆடிட்டர் ஒன்று விடாமல் பார்த்தார். பழசு என்று ஒன்றும் சிக்கவில்லை. ஆர்டர் தங்கியது. கடைசியில் சர்வர் முன்னால் நின்று, "இதுக்கு எதுக்குங்க குங்குமம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி அக்கா முந்திக்கொண்டார்: "இங்க கீற எல்லாத்துக்கும் அதான் சார் படியளக்குது. வெறும் நெத்தியா உட முடியுமா?"

இப்போது அந்த சர்வருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறார்கள், அதைக் கொண்டுவந்து வைத்த என்னைத்தான் இன்னும் கேட்டில் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்.