சுபாவின் தாய்வீடு

மசாஜ் என்றால் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடக்கும் எங்கள் ஷியாட்சு வகுப்பில் சொட்டு எண்ணெய் கிடையாது. படுப்பவர் சட்டையைக் கழற்றுவதும் கிடையாது. பேண்ட், சட்டை, காலுறை எல்லாம் போட்டபடி தரையில் விரித்த பஞ்சு மெத்தையில் வந்து படுக்கிறார்கள். நாம் பக்கத்தில் முட்டி போட்டு, பெருவிரலை வைத்து, உடம்பின் எடையை மெல்ல அதன்மேல் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது. ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. முதல் நாள் என் கை தன்னால் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைத் துழாவியது. எங்கள் ஆசிரியை மிஸ் லிம் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆயில்" என்றேன். அவர் என் தலையை ஒருமுறை உற்றுப் பார்த்து, "யுவர் ஹேர் ஓகே லா, வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தேங்க்யூ என்றேன். வேறு என்ன சொல்வது?

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கூத்து புரியாது. செங்கோட்டைக்காரி நான். மலையைத் தாண்டினால் கேரளா. அங்கே ஒரு வைத்தியசாலையில் மூன்று வருஷம் பிழிச்சல், உழிச்சல் என்று எண்ணெய் வைத்தியம் கற்றேன். எண்ணெயைக் காய்ச்சும்போதே எந்த நோவுக்கு எந்த எண்ணெய் என்று வாசனையில் சொல்வேன். அந்தக் கைத்தொழில்தான் என்னைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தது. லிட்டில் இந்தியாவில் புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு ஆயுர்வேத நிலையம். அதில் பெண்களுக்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. போன வருஷம் முதலாளி, "அக்கா, இப்ப எல்லாரும் ஷியாட்சுதான் கேக்குறாங்க. ஆபீஸ்ல இருந்து நேரா வர்றாங்க, எண்ணெய் வேணாங்குறாங்க. நீங்க போய்ப் படிச்சிட்டு வாங்களேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொமுட்டர் ரயிலேறி வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவது எனக்கே சிரிப்பாக இருந்தது.

என் மகள் சுபாவுக்கு ஆறு வயது நடக்கும்போது அவள் அப்பா மர அறுவை மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பிள்ளையை என் தங்கை கோமதியிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். கோமதிக்கு இரண்டும் பையன்கள், பெண் பிள்ளை என்றால் உயிர். சுபாவுக்குச் சடை பின்னியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது, அவள் பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் கோமதிதான். நான் எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். கல்யாணத்துக்கு மட்டும் பத்து நாள் லீவில் போய், பட்டுப்புடவை கட்டிப் பந்தலில் நின்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் கோமதியிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பு தொடங்கிய இரண்டாவது மாதத்தில் சுபா கர்ப்பம் என்று செய்தி வந்தது. அதே வாரம் மிஸ் லிம், கடைசிப் பகுதியில் கர்ப்பிணிகளுக்கான ஷியாட்சுவும் உண்டு என்றார். எனக்கு அது தெய்வமே சொன்ன மாதிரி இருந்தது. நம் பக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே? வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவது பெற்றவளின் உரிமை. சடங்குக்கும் காய்ச்சலுக்கும் இல்லாமல் போனவள் இதற்காவது இருப்பேன் என்று முடிவு கட்டினேன். கர்ப்பிணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டிக்கு நடுவில் தலையணை கொடுத்து, இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் சாய்ந்து அழுத்த வேண்டும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிரசவம் ஆகும்வரை தொடவே கூடாது. இதையெல்லாம் நான் பரீட்சைக்காகப் படிக்கவில்லை. படித்ததெல்லாம் சுபாவின் இடுப்புக்காக.

ஷியாட்சுவில் இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. ஒரு கை அசையாமல் உடம்பின்மேல் இருக்க வேண்டும். அதற்குத் தாய்க் கை என்று பெயர். இன்னொரு கைதான் இடம் இடமாகப் போய் அழுத்தும். தாய்க் கை ஓரிடத்தில் இருந்தால்தான் படுத்திருப்பவரின் உடம்பு பயமில்லாமல் தளரும் என்பார் மிஸ் லிம். உழிச்சலில் இரண்டு கையும் சேர்ந்து ஓடும். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வலது கை நகர்ந்தால் இடது கையும் பின்னாலேயே கிளம்பிவிடும். மிஸ் லிம் வந்து என் இடது கையை மெத்தையில் இருந்தவளின் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மலாயில் "ஜாங்கான் கெராக்" என்றார், அசையாதே என்று. பிறகு சிரித்துக்கொண்டே, "வை யுவர் மதர் ஹேண்ட் ஆல்வேஸ் ரன் அவே?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாளுக்கு என் கதை எதுவும் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. ஆனாலும் அன்று ரயிலில் கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சிக்கு நிஜமான கர்ப்பிணிகள் வந்தார்கள். எனக்குக் கிடைத்தவள் கவிதா, கிள்ளானைச் சேர்ந்த தமிழ்ப் பெண், ஏழாம் மாதம். கூடவே அவள் அம்மா துணைக்கு வந்து சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கை வைக்கும் முன்பே, "மெதுவா லா ஆன்டி, பிள்ளைக்கு முதுகு ரொம்ப நோவுது" என்றார். நான் தாய்க் கையைக் கவிதாவின் முதுகில் வைத்தேன். அன்று அது நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நீண்டது, வாய் லேசாகத் திறந்தது, தூங்கிவிட்டாள். என் சுபாவின் வயதுதான் இருக்கும். முடிந்து எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை, இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்து என் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். பத்து விரலும் படபடவென்று சொடுக்கின.

மிஸ் லிம் ஓடியே வந்தார். என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெய்ன் ஆ? யூ புஷ் டூ மச்! லீன், டோண்ட் புஷ்!" என்று ஒரு பாட்டம் திட்டினார். விரல் வலித்துத்தான் சொடுக்கெடுத்தேன் என்று நினைத்துவிட்டார். திருஷ்டி என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? கவிதாவின் அம்மாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "டீச்சர், நோ பெய்ன். திஸ் இஸ் லவ் லா" என்றார். மிஸ் லிம் நம்பவில்லை. வீட்டில் விரலை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார். படியிறங்கும்போது, என் மகளும் மாசமாக இருக்கிறாள் என்றேன். கவிதாவின் அம்மா என் தோளைத் தொட்டு, "உங்க மகளுக்கு என்ன கவலை ஆன்டி, இப்படி ஒரு கையி வீட்டுலயே இருக்கு. குடுத்து வச்சவ" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊருக்குப் போய்விடுவது என்று அந்தப் படியிலேயே தீர்மானித்தேன்.

முதலாளியிடம் பேசினேன். ஒரு வாரம், பத்து நாள் என்றால் லீவு தரலாம், மாதக்கணக்கில் என்றால் வேறு ஆளைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், திரும்பி வர பெர்மிட்டும் கிடைக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனிதர், மிரட்டவில்லை. பரவாயில்லை தம்பி, நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே சுபாவைப் போனில் கூப்பிட்டேன்.

"வேலைய விட்டுட்டு வந்திருதேன் சுபா. வளைகாப்பு முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் ஒரு வாடகை வீடு பாத்து இருப்போம். ஒன் இடுப்ப நான் பாத்துக்கிடுதேன். இங்க புதுசா ஒண்ணு படிச்சிருக்கேன்."

"எதுக்கும்மா ஒனக்கு அவ்வளவு கஷ்டம்?" என்றாள். "சித்தி உள் ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டா. அங்கதான் போறேன்னு எங்க அத்தைகிட்டயும் சொல்லியாச்சு."

"மொதப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான மக்கா போவாங்க?"

"ஆமாம்மா" என்றாள் சுபா. "அதான் சொல்லுதேன்."

அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். கிழக்கு எது என்று கேட்டால் கை காட்டுவோமே, அப்படிச் சொன்னாள். பிறகு, "நீ வேலைய விட்டுராத. புள்ள பொறந்த பொறவு ஒரு வாரம் வந்து பாத்துட்டுப் போ, என்ன?" என்று எனக்கு ஆறுதலும் சொன்னாள். சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகு எண்ணெய்ச் சட்டி கழுவும் இடத்தில் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு அழுதேன். மறுநாள் முதலாளியிடம், போகவில்லை தம்பி என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பரீட்சையில் தேறினேன். பேத்தி பிறந்து இருபது நாள் கழித்து, ஒரு வார லீவில் செங்கோட்டைக்குப் போனேன். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்ட கையோடு, "என்னைக்குத் திரும்பப் போறீங்க?" என்றும் கேட்டார்கள். கோமதி எனக்குப் புதுப் பாய் எடுத்துப் போட்டாள், புதுத் துண்டு கொடுத்தாள். பேத்தி அசல் சுபாவேதான், அதே நெற்றி. இனிக் கணுக்காலுக்கு மேலே அழுத்தலாம் என்ற தைரியத்தில், "கொஞ்சம் படுத்துக்கோயேன், காலு கையப் பிடிச்சு விடுதேன்" என்று சுபாவிடம் கேட்டேன். மறுக்காமல் படுத்தாள். முதுகில் கையை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள் இரண்டும் மேலே ஏறி இறுகியிருந்தன, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவை வரும் வாடிக்கையாளர்கள் இப்படித்தான் படுப்பார்கள். இரண்டு மூன்று தடவை வந்தால் சரியாகிவிடும். எனக்கு இருந்ததோ இன்னும் ஒரே ஒரு நாள். "போதும்மா, ஒனக்குக் கை நோவும்" என்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்புகிற அன்று சாயங்காலம், கூடத்தில் நானும் கோமதியும் இருந்தோம். "ஏக்கா, ஒனக்குச் சீனி எவ்வளவு போடணும்?" என்று கேட்டுக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவள் என்னிடம் சீனி அளவு கேட்கிறாள். அவளும்தான் என்ன செய்வாள், தெரிந்தால்தானே? ஒரு வாய் குடித்திருப்பேன், உள் அறையில் குழந்தை வீறிட்டது. கூடவே, "அம்மா! இங்க வாயேன்!" என்று சுபா கத்தினாள்.

நான் டம்ளரோடு எழுந்துவிட்டேன். கோமதியும் எழுந்துவிட்டாள். போனில் பேசும்போதெல்லாம் சுபா அவளைச் சித்தி என்றுதான் சொல்வாள், இந்த ஒரு வாரமும் என் காதுபட சித்திதான். இப்போது குழந்தை அழுத பதற்றத்தில் நான் வீட்டில் இருப்பதை மறந்துவிட்டாள் போல. எழுந்த வேகத்தில் இரண்டடி வைத்துவிட்ட கோமதி, அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "நீ போக்கா" என்றாள்.

உள்ளேயிருந்து மறுபடியும், "எம்மா, எங்க போன? அந்த எண்ணெய எங்க வச்ச?" என்று கேட்டது. அது எந்த எண்ணெய், எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"போ கோமதி" என்றேன். "ஒன்னத்தான் கூப்பிடுதா."

அவள் போனாள். வெளியே ஆட்டோக்காரர் என் பெட்டியை ஏற்ற வந்து ஹாரன் அடித்தார். நான் வாசலுக்கும் அந்த அறைக்கும் நடுவில், கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.