கிணற்று விலாங்கு

நாரந்தனையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது மார்க்கண்டு அண்ணையின் தோட்டக் கிணறு. தண்ணீர் உவராகாமல் இருப்பது உள்ளே கிடக்கும் விலாங்கால்தான் என்பது அவர் கட்சி. புதுக் கிணற்றில் மீன் விடுவது இங்கே வழக்கம். கலியாணம் முடித்த வருஷம் குளத்தில் பிடித்த விரல் நீளக் குஞ்சை அவர் விட்டார். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை; குஞ்சு மட்டும் கை மொத்தத்துக்கு வளர்ந்தது. அதற்கு ஒரு பிடி சோறு போடாமல் அவர் மனைவி சறோஜினிதேவி அக்கா சாப்பிடமாட்டார்.

போன மாரியில் அது சோற்றைத் தொடவில்லை. கிணறு விளிம்புவரை நிரம்பியதும் வெளியே ஏறி, புல்லில் நெளிந்து ஓடப் பார்த்தது. அண்ணை பிடித்துப் பிடித்து உள்ளே போட்டார். கடைசியில் தோட்டத்து வலையால் கிணற்றை இறுக்கி மூடினார். மனிதர் பிடித்த பிடியை விட்டதாகச் சரித்திரமே இல்லை. விலாங்கு முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்தது. அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் உவராகிவிடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

மீன் விற்க வந்த அன்ரனிதாஸ் எட்டிப் பார்த்தார். அதன் கண் பெருத்திருப்பதையும் வயிறு வெள்ளியாகியிருப்பதையும் காட்டினார்.

"இது வருத்தம், நோய் ஒண்டுமில்லை அண்ணை. கடலுக்குப் போகத் துடிக்குது. ஆழக்கடலிலை முட்டை விட்டிட்டு அங்கையே செத்துப்போம். குஞ்சுகள்தான் திரும்பி வரும். இப்ப இதுகளைக் காணுறதே அரிது."

அக்கா வலையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை பெறப் போறதை நாங்களெல்லோ மறிச்சு வைச்சிருக்கிறம்."

அண்ணை வலையின் கட்டை அவிழ்த்தார். விலாங்கை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு இருவரும் மழைக்குள் இறங்கினார்கள். வாய்க்காலில் விட முடியாது; கடல் நீரைத் தடுக்கும் கதவு பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டிக் கரைக்கு நடக்கவேண்டும். பாதி வழியில் சாக்கு நழுவி, அது தெருவில் விழுந்தது. நாய்கள் ஓடி வந்தன. அண்ணை குப்புறக் கவிழ்ந்து அதை மறைத்தார்; அக்கா செருப்பைக் கழற்றி நாய்களை விரட்டினார். மறுபடி சுற்றியபோது அது அசையவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தார்களாம்.

முழங்கால் தண்ணீரில் சாக்கை விரித்தார்கள். விலாங்கு அண்ணையின் காலடியிலேயே கிடந்தது. அக்கா குனிந்து முதுகைத் தடவினார். இங்கே யாரையும் 'போ' என்று அனுப்புவதில்லை; 'போய்விட்டு வா' என்றுதான் சொல்வோம். வராது என்று தெரிந்தும் அக்கா அழுதுகொண்டே சொன்னார்:

"கவனமாப் போட்டு வா பிள்ளை."

வால் ஒருமுறை அடித்தது. கலங்கல் தெளிந்தபோது அதைக் காணவில்லை.

கிணறு இன்னும் உவராகவில்லை. இந்த மாரி தொடங்கியதிலிருந்து அண்ணை தடுப்புக் கதவடியில் நின்று, அதைப் பூட்டுபவர்களோடு ஒரு சாண் திறந்துவிடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார். குஞ்சுகள் உள்ளே வரவேண்டுமாம்.