எந்த அட்டை?

என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவர். ஒரு தாள் குறைந்தாலும் கண்டெய்னர் நகராது என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

இரண்டு வயது மகளோடு மலைக்காட்டு ரிசார்ட் ஒன்றுக்குப் போக அறை பதிவு செய்தோம். போனில் பேசிய ஊழியர், “மழை நேரம் மேடம், அட்டை இருக்கும். சின்னக் குழந்தை வேற, பார்த்துக்கோங்க” என்றார்.

“அதெல்லாம் பாத்துக்கிடுதோம்” என்று போனை வைத்துவிட்டு, “ஏங்க, பிள்ளைக்கும் ஆதார் அட்டை கேக்காவ” என்றேன் கணவரிடம். அவரும் அலைந்து திரிந்து எடுத்து, லேமினேட் செய்துவிட்டார்.

போன மறுநாள் காலை, ஈரப் புல்லில் ஓடிய மகளின் கால்விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் பிடித்து இழுக்கப் போனேன். அதே ஊழியர் ஓடிவந்து தடுத்து, நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்தார். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது.

“அட்டை இருக்கும்னு அன்னைக்கே சொன்னேனே மேடம், சாக்ஸ் போடலையா?”

அவர் சொன்னது ரத்தம் குடிக்கும் அட்டையை. என் கைப்பையில் இருந்த அட்டையைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது யார் எதைச் சொன்னாலும், “அப்படின்னா என்னது?” என்று கேட்டுவிடுகிறேன். நான் சொல்லும்போதும் விளக்கிவிடுகிறேன். போன மாதம் அந்த ஊழியர் போன் செய்து, குடும்பத்தோடு எங்கள் பக்கத்து மணப்பாடு கடற்கரைக்கு வருவதாகச் சொன்னார். “கடல்ல சொறி கிடக்கும், பிள்ளைகளப் பாத்துக்கிடுங்க” என்றவள், சட்டென்று, “சொறின்னா ஜெல்லி மீனு, கண்ணாடி மாதிரி தண்ணியில மிதக்கும், பட்டா தோலு எரியும்” என்றேன்.

“நல்லவேளை சொன்னீங்க மேடம்” என்றார். “நான் களிம்பு வாங்கணும்னு நெனச்சேன்.”

– தூத்துக்குடி வாசகி