பின்வாசல் தூண்

மவுரீன் கதை கட்டுகிறவள் அல்ல. மலேசியாவில், புக்கிட் செந்தோசா ஊரில் அவளைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். போன மழைக்காலத்தில், பட்டப்பகலில், அவளுக்கு இது நடந்தது.

கலும்பாங் பக்கம், தீப்பிடித்து மூடிக் கிடந்த ஒரு மெத்தைத் தொழிற்சாலை. புதுக் கூரை போட்டுவிட்டார்கள். நெருப்பில் வெந்து பலமிழந்த கான்கிரீட் தூண்களை இடிக்கவில்லை. கார்பன் நார்த்துணியைப் பசையில் நனைத்துச் சுற்றி, அதன் மேல் தீயைத் தாங்கும் பூச்சு பூசினார்கள். பூசுவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது மவுரீன் வேலை. கெட்டிச் சத்தம் வந்தால் துணி ஒட்டியிருக்கிறது. உள்ளே காற்று நிற்கிற பொள்ளல் சத்தம் வந்தால் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மழை கொட்டியது. பின்வாசலோரத் தூண் ஒன்றுதான் பாக்கி.

டக். டக்.

கெட்டிச் சத்தம். சுத்தியலைத் தாழ்த்தினாள்.

டக்... டக்...

மறுபக்கத்திலிருந்து வந்தது.

கூட வேலை செய்யும் தனேஷ் விளையாடுகிறான் என்று சுற்றிப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. தூணில் கை வைத்தாள்.

சுட்டது.

"அக்கா..."

பெண் குரல். தூணுக்கு அந்தப் பக்கம்.

"கதவத் தெறந்துட்டாங்களா?"

குரலில் அலறல் இல்லை. நெடுநேரம் காத்து நின்ற களைப்புதான் இருந்தது. அதைக் கேட்டதும் மவுரீனுக்குப் பயத்தை மீறி அழுகை வந்தது. பின்வாசலில் இப்போது கதவே கிடையாது. வெளியே மழை தெரிந்தது.

"தெறந்துதான் இருக்கு, தங்கச்சி. வெளிய போ லா."



உள்ளங்கையின் கீழ் சூடு மெல்லத் தணிந்தது...

தூண் சில்லிட்டது.

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் புஷ்பா முன்பு அந்தத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவள். மழையில் ஓடி வந்த மவுரீனை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள். அந்தத் தூணுக்குப் பின்னால் செத்தவள் மோகனா. தீப்பிடித்தபோது புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் ஓடி வந்து, பூட்டிக் கிடந்த பின்கதவை வெளியிலிருந்து உடைத்துக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் நில், நகராதே, இதோ திறக்கிறோம் என்று போனில் சொன்னார்.

"முன்வாசல் வழியா நாங்க ஓடுனோம். அவ கையப் புடிச்சு இழுத்தேன். அவரு நிக்கச் சொன்னாருன்னு நின்னுட்டா."

புஷ்பா குரலைத் தாழ்த்தினாள்.

"முன்வாசல் தெறந்திருந்துச்சுன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."