ரம்லா அடைத்த சந்து

ரம்லாவிடம் கார் சீட் கவர் தைக்கக் கொடுப்பவர்கள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வருவார்கள். உக்கடத்தை அடுத்த கரும்புக்கடையில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மெஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய ரெக்சின். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் ராஜ்ஜியம். வண்டிக் கதவைத் திறந்ததும் சீட்டில் பிஸ்கட் தூள் கண்ணில் பட்டுவிட்டால் தொலைந்தது. "ஏனுங்க, இது காரா, கோழிக் கூண்டா?" என்று ஆரம்பித்தால் வந்தவர் டீ வாங்கிக் கொடுக்கும்வரை நிறுத்தமாட்டாள். அப்படியும் தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரர்களிலிருந்து டவுன் ஹால் ஜவுளிக்கடைக்காரர்கள்வரை அவளிடம்தான் வந்தார்கள். அவள் தைத்த கவரில் ஒரு சுருக்கம் காட்டிவிட முடியாது.

அதைவிடப் பெரிய பேர் அவள் சந்து அடைப்பதற்கு. பின்சீட்டின் முதுகும் அடியும் சேருமிடத்தில் ஒரு சந்து இருக்குமே, கடலைத் தோல், ஹேர்பின், பேனா மூடி எல்லாம் போய்ச் சேரும் இடம், அதை அவளால் சகிக்கவே முடியாது. கம்பெனிக்காரனுக்குத் தைக்கத் தெரியவில்லை என்பது அவள் கட்சி. பெல்ட் பூட்டுக்கு மட்டும் இடம் விட்டு, முதுகுக் கவரிலிருந்து அகலமான ஒரு பட்டையை இழுத்து அடிக் கவரோடு இரட்டைத் தையல் போட்டு மூடிவிடுவாள். எறும்பு நுழையாது. "அக்கா அடைச்சா அடைச்சதுதானுங்க" என்று மற்ற கடைக்காரர்களே சொல்வார்கள். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் இறந்துவிட்டார். பிள்ளையில்லை. தம்பி சஹீரைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள். படிக்கவைத்தாள், மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரத்தில் சேர்த்துவிட்டாள், ரம்ஷா என்கிற டீச்சரைப் பார்த்துக் கட்டியும் வைத்தாள். ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ரிஃபத். அவன் பிறந்த மாதமே சஹீர் புதுக் கார் எடுத்தான். ரம்லா மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடாமல் காபிக் கலரில் கவர் தைத்துப் போட்டாள். அவள் கையில் உருவானதிலேயே அதுதான் நல்ல வேலை. சந்தை மட்டும் வழக்கத்தைவிட அழுத்தமாக, மூன்று தையல் போட்டு அடைத்தாள்.

பையனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சஹீர் காரில் வந்தான். ஸ்டியரிங்குக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் ரிஃபத் உட்கார்ந்து ஹாரனைத் தட்டிக்கொண்டிருந்தான். தெருவே பார்த்துச் சிரித்தது. ரம்லா கத்தரிக்கோலோடு ஓடி வந்து காருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"எறங்குடா!"

"அக்கா, நம்ம தெருவுக்குள்ளதானே..."

"அந்த ஸ்டியரிங்குக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? ஏர்பேக்கு. வெடிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா ஆம்பளை மூக்கே உடையும். பச்சைப் புள்ளையை அதுக்கு முன்னாடி வெச்சுட்டு வாரியே, மூளை இருக்குதா உனக்கு? அப்பன்தானடா நீ?"

அவளுக்கு ஏர்பேக் தெரியும். முன்சீட்டின் பக்கவாட்டில் சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால் அதற்குள் ஏர்பேக் இருக்கிறது, அந்தப் பக்கத்தைக் கவர் போட்டு மூடக்கூடாது என்று ஏழெட்டு வருஷம் முன்பே கற்றுக்கொண்டவள். மூடித் தைக்கச் சொன்ன எத்தனை பேரை விரட்டியிருக்கிறாள்! பெல்ட் போடாவிட்டாலும் வண்டி பீப் அடிக்காமல் இருக்க ஒரு கொக்கி விற்கிறார்களே, அதை வாங்கிப்போடச் சொன்ன ஒருத்தரைத் தெருமுனைவரை துரத்தினாள்.

அந்த வாரமே சஹீர் துடியலூரில் ஒரு கடையில் குழந்தை சீட் வாங்கினான். வாங்கியவன் அதை எங்கே வைத்தான்? முன்சீட்டில், பிள்ளையின் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி. ஓட்டும்போது மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாமாம். ரம்லா வெயில் மறைப்பை மடக்கி, அதில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். குழந்தை சீட், அதன்மேல் ஏர்பேக், குறுக்கே சிவப்புக் கோடு. "படம் போட்டு ஒட்டியிருக்கான். படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். உன் புள்ளையோட மண்டைக்குப் பின்னாடி அது வந்து அடிக்கும். பின்னாடி தூக்கி வைடா!"

சஹீர் தூக்கி வைத்தான். ரம்ஷா பக்கத்தில் நின்று, "அக்கா சொன்னாத்தான் இவருக்கு ஏறும்" என்று சிரித்தாள். ரம்லா அன்று ராணி மாதிரி கொட்டகைக்குத் திரும்பினாள்.

அடுத்த மாதம் ரம்ஷாவின் அம்மா வீட்டுக்கு மேட்டுப்பாளையம் போனார்கள். துடியலூர் தாண்டி ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. சஹீர் ஒடித்துப் பிரேக் அடித்தான். கார் டிவைடரில் இடித்து நின்றது. பெல்ட் போட்டிருந்த அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. குழந்தை சீட்டு மட்டும் கட்டியிருந்த இடத்திலிருந்து நழுவி, முன்சீட்டின் முதுகில் மோதி, பக்கவாட்டில் கவிழ்ந்தது. ரம்ஷா கையை நீட்டுவதற்குள் ரிஃபத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

தோள்பட்டை எலும்பில் விரிசல், உதட்டில் இரண்டு தையல். ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கழுத்து என்றார் டாக்டர். பையன் வலது கையை மார்போடு கட்டிக்கொண்டு, விக்கி விக்கி அழுது, தூங்கி, மறுபடி அழுதான். அதைப் பார்த்த ரம்லா ஆத்திரத்தை முழுக்கத் தம்பி தலையில் கொட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், ரம்ஷாவின் அம்மா, அண்ணன், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும்.

"பத்து ரூபா பொம்மையைக்கூட ஒழுங்காக் கட்டி எடுத்துட்டுப் போவாங்கடா! புள்ளையைக் கட்டத் தெரியலியா உனக்கு? ஒம்பது வருஷம் அழுது வாங்குன புள்ளை!"

சஹீர் தலை நிமிரவில்லை. "தப்புதான்க்கா" என்றான். ஒரு வாரமாக யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொன்னான். ரம்ஷாவின் அண்ணன் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கார் சாவியை ரம்ஷா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ரம்லாவும் தினமும் போய் ஒரு பாட்டம் திட்டிவிட்டு வந்தாள்.

எட்டாம் நாள் அவளுக்குக் கோபம் திசைமாறியது. தம்பி சோதாதான், ஆனால் விற்றவன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? பஸ் ஏறித் துடியலூர் போய் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் கதிரேசன் தள்ளுவண்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மெதுவான ஆள்.

"புள்ளைங்க உசுரு உங்களுக்கு வெளையாட்டா? வித்துபோட்டாச் சரியாப் போச்சா? எந்தம்பி சஹீர் வாங்குன சீட்டு, கார் இடிச்சப்ப நின்ன லட்சணம் தெரியுமா உங்களுக்கு?" தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

கதிரேசன் குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பிறகு, "உக்காருங்கம்மணி" என்று நாற்காலியை நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"அந்தச் சீட்டுக்கு அடியில ரெண்டு கொக்கி இருக்குதுங்க. காரோட பின்சீட்டுச் சந்துக்குள்ள ரெண்டு இரும்பு வளையம் இருக்கும். அதுல மாட்டுனா டக்குனு புடிச்சுக்கும்ங்க, யானை இழுத்தாலும் வராது. நான் அன்னைக்கே கையை விட்டுத் தேடுனேனுங்க. கையே போகலீங்க. ரெக்சின்தான் தட்டுப்பட்டுச்சு. சந்தே இல்லாம யாரோ அடைச்சுத் தெச்சுருந்தாங்க."

ரம்லா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பிளேடு எடுத்தாரேன், ரெண்டு இஞ்சு கீறிப்போட்டா வளையம் வெளிய வந்துரும்னு சொன்னேனுங்க. உங்க தம்பி பதறிட்டாருங்க. எங்க அக்கா தெச்ச கவரு, பிளேடு பட்டா என்னைக் கொன்னுபோடும், வேண்டாம்னாருங்க. பெல்ட்டைச் சுத்தி நானே கட்டிக்கறேன்னு சொல்லிச் சீட்டை எடுத்துட்டுப் போயிட்டாருங்க. வுட்டது என் தப்புதானுங்க. கீறாம அனுப்பியிருக்கக் கூடாது."

கடை வாசலில் அதே மாடல் கார் ஒன்று நின்றது. யாரோ வாடிக்கையாளருடையது, கவர் போடாதது. கதிரேசன் கேட்டுக் கதவைத் திறக்கவைத்தார். ரம்லா பின்சீட்டுச் சந்துக்குள் விரல்களை விட்டாள். ஜில்லென்று இரும்பு. அந்தப் பக்கம் விட்டாள். அங்கேயும் ஜில்லென்று இரும்பு. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை வண்டிகளில் இந்த வளையத்தைப் பார்த்திருப்பாள்! சாமான் கட்டக் கம்பெனிக்காரன் வைத்த கம்பி என்று நினைத்து, துணியைக் கிழிக்கிறதே என்று வைதுகொண்டே இரட்டைத் தையல் போட்டு மூடியிருக்கிறாள். யாரையும் கேட்டதில்லை. யாரும் அவளிடம் வாய் திறந்து சொன்னதுமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழி அழுதாள். மீதி வழி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். சொல்லாமலும் இருந்துவிடலாம். கதிரேசன் வந்து சொல்லப்போவதில்லை. தம்பி வாய் திறக்கமாட்டான், எட்டு நாளாகத் திறக்கவில்லையே! ஊர் முழுக்கப் பழியை அவன் தலையில் எழுதி முடித்தாயிற்று. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. உக்கடத்தில் இறங்கியவள் கொட்டகைக்குப் போய்ப் பிளேடை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

சஹீர் ஹாலில் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். ரம்ஷா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு இருந்தியாடா?"

அவனுக்கு எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "சொன்னா நீ தாங்குவியாக்கா?"

"நான் தாங்குவனா! உன்னை ஊரே காறித் துப்புச்சே, அதை நீ தாங்குனியா? நானும் சேர்ந்து துப்புனேனேடா! பிளேடு பட்டாக் கொன்னுபோடுவேன்னா நெனைச்ச? அவ்வளவு பேயாடா நான் உனக்கு?"

சஹீர் குனிந்து பிள்ளையின் கைக்கட்டைச் சரிசெய்தான். ரம்லா ரம்ஷாவின் பக்கம் திரும்பி, சந்து, வளையம், தையல், கதிரேசன் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். "இவன் கட்டுனது தப்புதான். ஆனா கட்ட வெச்சது நான். உங்க அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

ரம்ஷா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பத்து வருஷத்தில் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"உங்க கோவத்துக்குப் பயந்துட்டு எம்புள்ளையை அரைகுறையாக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நானும் பக்கத்துல உக்காந்து சிரிச்சுட்டுப் போயிருக்கேன்." பீரோவைத் திறந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "போங்க. மொத்தமாக் கழட்டுங்க. ஒரு துணி அதுல இருக்கக் கூடாது."

ரம்லா கழற்றினாள். சந்தில் போட்ட மூன்று தையலும் லேசில் வரவில்லை. அவ்வளவு நல்ல நூல். பிளேடு வழுக்கி விரலில் ரத்தம் வந்தது. "மூணு தையலாம், மூணு தையல்! பெரிய வேலைக்காரி!" என்று தன்னையே வைதுகொண்டு கிழித்தாள். காபிக் கலர் ரெக்சின் வாசலில் குவிந்தது. சஹீர் குழந்தை சீட்டைக் கொண்டுவந்து வளையத்துக்கு நேராக வைத்துத் தள்ளினான். டக். இன்னொரு பக்கம், டக். ரம்லா இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கார்தான் ஆடியது, சீட்டு அசையவில்லை.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரம்ஷாவின் முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. "இது ஒண்ணு சரி" என்றாள். "இன்னும் எத்தனை வண்டிங்கக்கா?"

ரம்லாவுக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு நாலு என்று வைத்தாலும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொண்டாமுத்தூரில், சிங்காநல்லூரில், ஊட்டி மலைமேல். ஒவ்வொன்றிலும் அடைத்தால் அடைத்ததுதான்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ரத்தம் வந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, போனை எடுத்தாள். முதலில் எடுத்தவர் லட்சுமணசாமி, தொண்டாமுத்தூர் தென்னந்தோப்புக்காரர். போன மாதம்தான் கவர் போட்டுக்கொண்டு போனவர்.

"ஏனுங்கம்மணி, புதுசாத் தெச்சதைப் பிரிக்கறதுக்கா கூப்பிடறீங்க?" என்று அவர் சிரித்தார். "அந்தச் சந்து இல்லாததுனாலதானுங்க எங்க ஊட்ல எல்லாத்துக்கும் சந்தோசம். கெடக்குது வுடுங்க."

"ஊட்ல கொழந்தை இருக்குதுங்களா?" என்றாள் ரம்லா.

"பேத்தி இருக்குதுங்க. ஆறு மாசம்."

"இப்பவே வண்டியை எடுத்துட்டு வாங்க. நீங்க வல்லீன்னா பிளேடோட நான் வாரேன்!"

கத்திய கத்தலில் உள்ளே ரிஃபத் திடுக்கிட்டு அழுதான். ஆனாலும் யாரும் அவளிடம் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. அவள் அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.