பர்மனன்ட் ஆளுக்கு வராது

டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் அந்தக் கெட்ட வியாதி யாருக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். லாரி ஓட்டுகிறவனுக்கு வரும். பம்பாய் போய் வந்தவனுக்கு வரும். கான்ட்ராக்ட் ஆளுக்கு வந்தாலும் வரும். பர்மனன்ட் ஆளுக்கு வராது. பர்மனன்ட் ஆளைக் கம்பெனியே கூப்பிட்டு மெடிக்கல் செக்கப் பண்ணி அனுப்புகிறது. கண், காது, நெஞ்சு எல்லாம் பார்க்கிறார்கள். ஏதாவது இருந்தால் விட்டுவிடுவார்களா என்று குழாயடியில் பேசிக்கொள்வோம். ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள். நானா கேட்கப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் எலக்ட்ரீஷியன், பர்மனன்ட். குறிஞ்சிப்பாடியில் அவருக்கு இன்னொரு வீடு உண்டு. அது மறைத்து வைத்த விஷயம் இல்லை. தீபாவளிக்கு எனக்கு எடுக்கிற கடையிலேயே அங்கேயும் புடவை எடுப்பார். ரெண்டு வீட்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார், கண்ட இடத்துக்குப் போகிற ஆள் இல்லை என்றுதான் பிளாக்கில் சொல்வார்கள்.

கண்ட இடத்துக்குப் போகிற ஆள் என்று அவர்கள் வைத்திருந்தது, பிளாக்குக்கு வெளியே கூரை வீட்டில் இருந்த பவர் ஹவுஸ் சாம்பல் லாரி டிரைவரை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது எங்களுக்கெல்லாம் கோயில் டம்ளரில் கொடுத்துவிட்டு, டிரைவர் சம்சாரத்தை மட்டும் வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவரச் சொல்லுவார்கள். முதலில் அப்படிச் சொன்னது அடுத்த பிளாக்கின் மூலை வீட்டுக்காரி. டிரைவர் சம்சாரம் கோபித்துக்கொள்ளமாட்டாள். பெரிய சொம்பாகப் பார்த்துக் கொண்டுவருவாள்.

ரிட்டயர் ஆனதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போனோம். அங்கேதான் அவருக்கு இருமல் பிடித்தது. டிபி என்றார்கள். டிபி என்றால் அந்தக் கெட்ட வியாதிக்கும் ரத்தம் எடுப்பார்களாம். எடுத்தார்கள். இருக்கிறது என்றார்கள். சர்வீஸ் முழுக்கத் தனக்குச் செக்கப் சரியாகத்தான் இருந்தது என்று அவர் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னையும் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எடுக்கச் சொன்னார்கள். அங்கே எந்தப் பக்கம் போவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பர்மனன்ட் வீட்டுப் பெண்கள், ஒருத்தியும் எடுத்தது கிடையாது. கடைசியில் டிரைவர் சம்சாரத்திடம் போய் நின்றேன். லாரி நிற்கிற இடத்தில் முகாம் போட்டு டிரைவர்களுக்கெல்லாம் எடுப்பார்களாம். புருஷன் எடுத்தால் அவளும் போய் எடுத்துவிடுவாளாம். ரெண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் இருந்த பக்கத்தில் ரத்தம் இன்னதென்று தெரிந்த ஆம்பளை அவன் ஒருத்தன்தான்.

"ஊசி சின்னதுதான் பெரிம்மா, நான் வரேன்" என்று கடலூர் பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் குறிஞ்சிப்பாடிக்காரி உட்கார்ந்திருந்தாள், அவளையும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. அவளைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசினதில்லை. என்னிடம் இருக்கிற அதே புடவையைக் கட்டியிருந்தாள். நல்லவேளை, நான் அன்றைக்கு அதைக் கட்டவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். டிரைவர் சம்சாரம் டீ குடித்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

உள்ளே ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு பெண் எத்தனை பேரோடு பழக்கம் என்று கேட்டாள். ஒருத்தர் என்றேன். குறிஞ்சிப்பாடிக்காரியும் ஒருத்தர் என்றாளாம். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நல்லபடியாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இல்லாம போச்சு?"

நான் யாரிடமும் சொல்லாத சங்கதி அது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பொண்ணு கல்யாணத்துக்கு அப்பறம் நான் தனியாத்தாம்மா படுக்கறது. அவருக்கென்ன, நைட் ஷிப்ட் முடிஞ்சா உன் வூட்டுக்கு வந்துடுறாரேன்னு இருந்துட்டேன்."

"நைட் ஷிப்ட் வாரத்துல என் வூட்டுப் பக்கமே வரமாட்டாருங்களே. காலையில நேரா உங்ககிட்ட வந்து தூங்குறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் மத்தியானம்தான் வீட்டுக்கு வருவார். குறிஞ்சிப்பாடி போய் வருகிற மனுஷன் என்று நான் சோற்றை மூடி வைத்திருப்பேன். அவ்வளவு வருஷத்துக் காலைப் பொழுதும் யாரிடம் போனது என்று ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தோம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அது எப்பவாச்சும்தான்" என்றார். மறுபடி கேட்டதற்கு மூலை வீடு என்றார். அந்த வீட்டுக்காரருக்கு ஜெனரல் ஷிப்ட், காலையில் போனால் சாயங்காலம்தான். ஃப்யூஸ் போய்விட்டது என்று என் வீட்டுக்காரரை அங்கே கூப்பிடுவது தெருவுக்கே தெரியும். அந்த வீட்டில் அடிக்கடி ஃப்யூஸ் போகும்.

"அவங்க நல்ல குடும்பம். அங்கல்லாம் ஒண்ணும் இருக்காது. நீ போயி எதையும் கெளப்பிவுடாத" என்றார்.

மறுநாள் போனேன். அவர்கள் இன்னும் அதே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார்கள். அவள் தனியாக இருந்தாள். காபி கொடுத்தாள். முழுசாகக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அவருக்கு அந்த வியாதி இருக்குதும்மா. கடலூர்ல ஒரு தரம் நீயும் ரத்தம் எடுத்துப் பாத்துடு."

எந்த அவர் என்று அவள் கேட்கவில்லை. நான் குடித்து வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கெல்லாம் ஏங்க்கா வரப்போவுது" என்றாள். "எங்க வூட்டுக்காரருதான் பர்மனன்ட்டாச்சே."

நான் எந்த பஸ், எந்த வாசல் என்று சொன்னேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் டிரைவர் சம்சாரத்தைக் கூப்பிட்டுக்கொள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொன்னேன்.